சேலத்து வெயிலில் சவர்டோ பிரெட்

கடை ஈஸ்ட் சேர்க்காமல், ஸ்டார்ட்டர் என்னும் புளித்த மாவைக் கொண்டு செய்யும் பிரெட்தான் சவர்டோ. அதன் செய்முறை எதை எடுத்துப் பார்த்தாலும் 'அறை வெப்பநிலையில் 5 மணி நேரம் விடவும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதியவரின் சமையலறை பெரும்பாலும் 21 முதல் 24 டிகிரிக்குள் இருந்திருக்கும். ஏப்ரல் மாதப் பிற்பகலில் சேலத்தின் குகைப் பகுதியிலோ அம்மாப்பேட்டையிலோ ஒரு மொட்டை மாடி வீட்டுச் சமையலறை 34, 35 டிகிரியில் இருக்கும். மாவின் சூடு 9, 10 டிகிரி கூடினால் அது புளிக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதாவது அந்த 5 மணி நேரம் இங்கே இரண்டரை மணி நேரம்தான். சேலத்தில் வீட்டில் சவர்டோ செய்பவர்களுக்கு வரும் பிரச்சினைகளில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கிறது. கடிகாரத்தை விட்டுவிட்டு மாவின் சூட்டை அளக்கத் தொடங்கினாலே பாதி சரியாகிவிடும்.

முதலில் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். பிரெட் தட்டையாக வந்தால் 'சரியாகப் புளிக்கவில்லை, அடுத்த முறை இன்னும் ஒரு மணி நேரம் விடலாம்' என்று முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். சேலத்தில் இது பெரும்பாலும் தலைகீழான முடிவு. அளவுக்கு மீறிப் புளித்த மாவும் தட்டையாகத்தான் வரும். இரண்டையும் பிரித்தறிய, ஆறிய பிரெட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்.

போதுமான அளவு புளிக்காத பிரெட்டில் இரண்டு மூன்று பெரிய குகைத் துளைகள் இருக்கும், அவற்றைச் சுற்றிலும் இறுக்கமான, பசை போன்ற பகுதி இருக்கும். அடிப்பக்கம் கெட்டியாக இருக்கும். சுடுவதற்கு முன் பிளேடால் கீறிய இடத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் வெடித்திருக்கும். மாறாக, மிகையாகப் புளித்ததில் துளைகள் எல்லாம் சிறிதாக, ஒரே மாதிரி இருக்கும். பிரெட் பக்கவாட்டில் பரவியிருக்கும், கீறல் திறந்திருக்காது, புளிப்பு தூக்கலாக இருக்கும். மேலோட்டின் நிறமும் ஒரு தடயம். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று தீர்த்துவிட்டால், சிவப்பதற்கு எதுவும் மிஞ்சாது. 45 நிமிடம் சுட்டும் வெளிறியே இருக்கும் பிரெட் பல நேரம் அடுப்பின் குற்றமல்ல. சுடுவதற்கு முன்பே கையும் சொல்லிவிடும்: உருட்டும்போது மேல்தோல் கிழிந்து, விரலோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் அறுந்து வரும் மாவு எல்லை தாண்டிவிட்ட மாவு.

சூட்டைக் குறைப்பது எப்படி

குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். சவர்டோவுக்கு வாங்க வேண்டிய பொருள்களில் எடை மெஷினுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அழகான கூடை, கைப்பிடி வைத்த பிளேடு எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். மாவு பிசைந்து முடித்ததும் நடுவில் குத்திப் பாருங்கள். 23 முதல் 25 டிகிரி வர வேண்டும்.

சேலத்துக் கோடைக்கு நான் பரிந்துரைக்கும் அடிப்படைக் கணக்கு இது: மைதா 400 கிராம், சலித்த கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் 320 கிராம், ஸ்டார்ட்டர் 50 கிராம், உப்பு 10 கிராம். மாவு 34 டிகிரியிலும் தண்ணீர் 32 டிகிரியிலும் இருக்கும் நாளில் அப்படியே கலந்தால், முதல் நிமிடத்திலேயே 32, 33 டிகிரியில் தொடங்குகிறீர்கள். இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். ஒன்று, 320 கிராம் தண்ணீரில் 50 கிராமை ஐஸ் கட்டியாக எடுத்து, மீதி 270 கிராம் தண்ணீரில் போட்டு, கரைந்ததும் மாவில் ஊற்றுவது. இன்னொன்று, மாவை முந்தின இரவே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, சாதாரணத் தண்ணீரிலேயே பிசைவது. இரண்டுமே மாவை 23 டிகிரிப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் 15 டிகிரிக்குக் கீழே போய், புளிப்பு வெகுநேரம் தொடங்காமல் நிற்கும். ஒன்று போதும்.

பிசைந்த பிறகும் சமையலறை 34 டிகிரியாகத்தானே இருக்கிறது? அதனால் பாத்திரத்தை வீட்டின் குளிர்ச்சியான மூலையில், தரையில் வையுங்கள். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் பாத்திரத்தை வைத்து, ஈரத் துணியால் போர்த்தினால் இன்னும் நல்லது. மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வைக்கக் கூடாது. வெறும் துணி போட்டு மூடிய மாவின் மேல் விசிறிக் காற்று பட்டால் அரை மணி நேரத்தில் தோல் காய்ந்து ஏடு கட்டிவிடும். மாவை மடிக்கும்போது அந்த ஏடு உள்ளே போய், வெந்த பிரெட்டுக்குள் கெட்டியான கோடுகளாகத் தெரியும். மேலே துணி, அதன் அடியில் இறுக்கமான மூடி என்று வையுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். 'இரண்டு மடங்கு ஆகும்வரை' என்ற அறிவுரையை மறந்துவிடுங்கள். அது கடை ஈஸ்ட் பிரெட்டுக்குப் பொருந்தும். சவர்டோவை உருட்டிய பின் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைப்பதாக இருந்தால், மாவு எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதற்கேற்ப நிறுத்தும் புள்ளி மாறும். மாவு 21 டிகிரியில் இருந்தால் 75 சதவீதம் உயரவிடலாம். 24 டிகிரியில் இருந்தால் 50 சதவீதம். 27 டிகிரியைத் தாண்டினால் 30 சதவீதம் உயர்ந்ததுமே நிறுத்தி உருட்டிவிட வேண்டும். சூடான மாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி குளிர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க அது புளித்துக்கொண்டேதான் இருக்கும், அந்த உயர்வுக்கு இடம் விட்டு வைக்க வேண்டும். பரந்த பாத்திரத்தில் 30 சதவீதத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. பிசைந்ததும் 40 கிராம் மாவைக் கிள்ளி, நேராக நிற்கும் சிறிய கண்ணாடி டம்ளரில் அழுத்தி, மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சிறிய அளவு மாவு அறைச் சூட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடும் என்பதால் டம்ளர் மாவு கொஞ்சம் முந்தி ஓடும். பெரிய மாவு எந்த நிலையில் இருக்கிறது என்று ஊகிக்க அது போதும்.

ஃப்ரிட்ஜையும் நம்பிவிடக் கூடாது. கோடையில் நாள் முழுக்கக் கதவைத் திறந்து மூடும் வீட்டில், 4 டிகிரி என்று நினைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் உள்ளே 8 டிகிரியில் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரை இரவு முழுக்க உள்ளே வைத்துக் காலையில் தெர்மாமீட்டரால் அளந்தால் தெரிந்துவிடும். 4 டிகிரி ஃப்ரிட்ஜில் 16 மணி நேரம் தாங்கும் மாவு, 8 டிகிரியில் 8 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கதவுப் பக்க அடுக்கைத் தவிர்த்து, பின்பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள்.

ஸ்டார்ட்டர்

இட்லி மாவு அரைக்கும் வீட்டுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. மே மாதம் இரவு அரைத்து வெளியே வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்துவிடும், மார்கழியில் அதே மாவு காலை ஏழு மணிக்கும் அசையாமல் கிடக்கும். ஸ்டார்ட்டரும் அப்படித்தான். ஆனால் இட்லி மாவுக்கு நாம் இயல்பாகச் செய்யும் மாற்றங்களை ஸ்டார்ட்டருக்குச் செய்வதில்லை. ஒரு பங்கு ஸ்டார்ட்டர், ஒரு பங்கு மாவு, ஒரு பங்கு தண்ணீர் என்று குளிர்நாட்டுக் கணக்கிலேயே ஊட்டுகிறோம். 33 டிகிரியில் அது மூன்று மணி நேரத்தில் உச்சிக்குப் போய், சரிந்து, மீதி நேரம் முழுக்கப் பசியில் கிடக்கும். நெயில் பாலிஷ் வாசமும், மேலே நிற்கும் கருந்தண்ணீரும் அந்தப் பசியின் அடையாளம். அது கெட்டுப்போகவில்லை. ஊட்டினால் இரண்டு மூன்று முறைக்குள் தெளிந்துவிடும்.

கோடையில் ஒன்றுக்கு ஐந்து பங்காவது ஊட்டுங்கள்: 10 கிராம் ஸ்டார்ட்டர், 50 கிராம் மாவு, 50 கிராம் குளிர்ந்த தண்ணீர். இரவு முழுக்க வெளியே விட வேண்டுமென்றால் 5 கிராம், 50 கிராம், 50 கிராம். இன்னும் நிதானம் வேண்டுமென்றால் கெட்டி ஸ்டார்ட்டர் வைத்துக்கொள்ளலாம்: 10 கிராம் ஸ்டார்ட்டர், 50 கிராம் மாவு, 28 கிராம் தண்ணீர், சப்பாத்தி மாவுப் பதத்தில் உருட்டி ஒரு ஜாடியில். சேலத்துக்கு என் ஓட்டு இந்தக் கெட்டி ஸ்டார்ட்டருக்கே. மெதுவாகப் புளிக்கிறது, பலம் குறையாமல் நிற்கிறது, உச்சிக்கு வந்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? மிகையாகப் புளித்த ஸ்டார்ட்டரில் அமிலம் குவிந்திருக்கும். அமிலம் ஏறிய சூழலில், மாவில் இயல்பாகவே இருக்கும் புரதத்தைச் சிதைக்கும் என்சைம்கள் வேகமாக வேலை செய்யும். அந்த ஸ்டார்ட்டரை 50 கிராம் சேர்த்தாலே, மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், மூன்றாவது மணி நேரத்தில் மாவு தளர்ந்து ஓடத் தொடங்கும். 'காலையில் நன்றாக இருந்த மாவு திடீரென்று கூழாகிவிட்டது' என்ற புகாருக்கு முதல் சந்தேகம் ஸ்டார்ட்டர் மேல்தான் விழ வேண்டும். மேல்பரப்பு கும்மாச்சியாக எழுந்து, சற்றே தட்டையாகத் தொடங்கும் நேரம்தான் அதை எடுத்துப் பயன்படுத்தும் நேரம். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனை நம்பத்தக்கதல்ல. கெட்டியாகக் கலந்த ஸ்டார்ட்டர் சரிந்த பிறகும் மிதக்கும், கோதுமை மாவு ஸ்டார்ட்டர் உச்சியில் இருக்கும்போதே மூழ்கும்.

புதிதாக ஸ்டார்ட்டர் தொடங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 50 கிராம் கோதுமை மாவையும் 50 கிராம் தண்ணீரையும் கலந்து வைத்தால் இரண்டாம் நாளே பொங்கி எழும். அது ஈஸ்ட் அல்ல, மாவோடு வந்த பலவகை பாக்டீரியாக்கள். மூன்றாம் நாளிலிருந்து அமிலம் ஏற ஏற அவை ஒடுங்கி, ஜாடி அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று பலர் கொட்டிவிடுவது இந்த நாளில்தான். தினமும் ஊட்டிக்கொண்டே இருந்தால் ஐந்தாம், ஆறாம் நாளில் ஈஸ்ட் தலைதூக்கும். கொட்ட வேண்டிய நேரமும் உண்டு: ஆரஞ்சு அல்லது ரோஸ் நிறக் கோடுகள் தெரிந்தால், மேலே பஞ்சு போல் பூஞ்சை பூத்தால், யோசிக்காமல் ஜாடியோடு காலி செய்யுங்கள். மேலாகச் சுரண்டிவிட்டுத் தொடர்வது ஆபத்து.

மாவு

லீ பஜாரிலோ தெருமுனை மளிகைக் கடையிலோ வாங்கும் மைதாவில் புரதம் பொதுவாக 9 முதல் 11 சதவீதம் வரை இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். வெளிநாட்டுச் செய்முறைகள் 12, 13 சதவீத பிரெட் மாவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவை சொல்லும் தண்ணீரை, அதாவது மாவின் எடையில் 75, 80 சதவீதத்தை, நம் மைதாவில் ஊற்றினால் தோசை மாவுதான் கிடைக்கும். 62 முதல் 65 சதவீதத்தில் தொடங்குங்கள். கை பழகிய பிறகு ஒவ்வொரு முறையும் 10 கிராம் கூட்டலாம். அகன்ற துளைகளுக்கு ஆசைப்பட்டுத் தண்ணீரைக் கூட்டுவது தேவையற்ற வேதனை. 63 சதவீதத்தில் சரியாகப் புளித்த பிரெட், 78 சதவீதத்தில் தட்டையாகிப்போன பிரெட்டைவிட எல்லா வகையிலும் மேல்.

பலம் வேண்டுமென்றால் தனியாக விற்கும் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம்) பொடியைச் சேர்க்கலாம். 10 சதவீதப் புரதமுள்ள 500 கிராம் மைதாவுக்கு 15 கிராம் குளூட்டன் சேர்த்தால் ஏறக்குறைய 12 சதவீதத்தைத் தொடும். தண்ணீரையும் 20 கிராம் கூட்ட வேண்டும். உலர்ந்த மாவோடு நன்றாகக் கலந்துவிட்டுப் பிறகே தண்ணீர் ஊற்றுங்கள், நேரடியாகத் தண்ணீரில் போட்டால் ரப்பர் உருண்டைகளாகத் திரண்டுவிடும்.

கோதுமையை மில்லில் கொடுத்து அரைத்த மாவு வேறு கதை. புரதம் மைதாவைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் கல்லுக்கிடையில் சூடாக, அழுத்தி அரைபடுவதால் ஸ்டார்ச் துகள்கள் நொறுங்கிவிடும். நொறுங்கிய ஸ்டார்ச் தண்ணீரை ஏராளமாக உறிஞ்சும். சப்பாத்திக்கு அதனால்தான் அவ்வளவு மென்மை. சவர்டோவில் அதே குணம் எதிராக வேலை செய்கிறது: பல மணி நேரப் புளிப்பில் என்சைம்கள் அந்த ஸ்டார்ச்சை எளிதாகச் சர்க்கரையாக உடைக்க, உறிஞ்சிய தண்ணீர் வெளியே வந்து மாவு பிசுபிசுக்கும். வெந்த பிறகும் கத்தியில் பசை போல ஒட்டும். தவிடும் குளூட்டன் இழைகளை அறுக்கும். அதனால் மொத்த மாவில் 20 சதவீதத்தில் தொடங்கி, 30 சதவீதம் வரை போகலாம். முழுக்க முழுக்கக் கோதுமை மாவில் செய்ய விரும்புபவர்கள் டின்னில் வைத்துச் சுடட்டும், கையால் உருட்டிய உருண்டை நிற்காது.

சம்பா கோதுமை உடம்புக்கு நல்லது என்று அதை அரைத்து சவர்டோவில் முயல்பவர்கள் உண்டு. சத்து, ருசி இரண்டும் இருக்கிறது. ஆனால் அதன் குளூட்டன் பலவீனமானது, காற்றைப் பிடித்து வைக்காது. 10, 15 சதவீதத்துக்கு மேல் போனால் உயரத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து ஊறவைக்கும் பழக்கம் சேலத்துக் கோடையில் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்று சொல்லும் செய்முறைகள் இருக்கின்றன. 33 டிகிரியில் உப்பில்லாமல் அவ்வளவு நேரம் ஊறினால் என்சைம்கள் மாவைத் தளர்த்திவிடும். உப்பை முதலிலேயே சேர்த்துவிடுவது இன்னும் பாதுகாப்பு. உப்பு புளிப்பையும் என்சைமையும் சேர்த்து மட்டுப்படுத்தும். உப்பை மறந்தவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்: மாவு அசாத்திய வேகத்தில் எழும், கையில் பிடிக்க முடியாமல் ஒட்டும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. கேன் தண்ணீரிலும் ஆர்ஓ தண்ணீரிலும் தாது உப்புகள் மிகக் குறைவு, மாவு சற்றுத் தளர்வாக இருக்கும். போர் தண்ணீர் கடினம் மிகுந்தது, மாவை இறுக்கும். பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் தூக்கலாக அடித்தால் அகன்ற பாத்திரத்தில் இரவு முழுக்கத் திறந்து வைத்தால் போய்விடும். பிரெட் வராததற்குத் தண்ணீரைக் குறை சொல்வது வழக்கம், ஆனால் தண்ணீர் காரணமாக இருப்பது மிக அரிது.

உருட்டுவதும் அடுப்பும்

உருட்டிய மாவை வைக்கும் கூடையில் விரித்த துணியோடு அது ஒட்டிக்கொண்டு கிழிவது பலருக்கும் வரும் தொல்லை. மைதா தூவினால் அது ஈரத்தை இழுத்துப் பசையாகிவிடும். அரிசி மாவுதான் மருந்து, அதில் குளூட்டன் இல்லை. அரிசி மாவையும் மைதாவையும் சரிபாதி கலந்து துணியில் தேய்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே கீறுங்கள். சவர பிளேடை 30, 40 டிகிரி சாய்த்து, ஒரே இழுப்பில், ஒரு சென்டிமீட்டர் ஆழம். அறைச் சூட்டில் அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கீறினால் பிளேடு இழுக்கும், மாவு தளர்ந்து பரவும். சேலத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து நேரே அடுப்புக்குத்தான்.

அடுப்பு என்றால் நம் வீடுகளில் ஓடிஜி, அதாவது மேசைமேல் வைக்கும் சிறிய மின் அடுப்பு. முள் காட்டும் 230 டிகிரியை நம்பாமல், உள்ளே வைக்கும் அடுப்புத் தெர்மாமீட்டர் ஒன்றைத் தொங்கவிடுங்கள். 20, 30 டிகிரி வித்தியாசம் சாதாரணம். மின்னழுத்தமும் ஒரு காரணம். கோடையில் இரவு ஏழு மணிக்கு மேல் தெரு முழுக்க ஏசி ஓடும்போது 230 வோல்ட் 200 ஆக இறங்கினால், கம்பி தரும் சூடு கால்பங்கு குறைந்துவிடும். வோல்ட் எவ்வளவு விகிதத்தில் குறைகிறதோ அதன் வர்க்க விகிதத்தில் சூடு குறையும் என்பதே கணக்கு. அதிகாலை ஐந்து மணிக்குச் சுடுங்கள். மின்னழுத்தம் நிலையாக இருக்கும், சமையலறையும் குளிர்ந்திருக்கும்.

பிரெட் எழும்ப முதல் 20 நிமிடம் மேலே ஈரம் வேண்டும். ஓடிஜியின் இடுக்குகளில் நீராவி நிற்காது. உள்ளே தண்ணீர் தெளிப்பதும், தட்டில் ஐஸ் போடுவதும் அதில் பெரிதாக உதவாது. சூடான கண்ணாடிக் கதவில் தண்ணீர் பட்டால் விரிசலும் விடும். மூடிய பாத்திரத்துக்குள் சுடுவதே ஒரே தீர்வு. தடிமனான வார்ப்பிரும்புச் சட்டியும் மூடியும் உத்தமம். இல்லையென்றால் இரும்பு தோசைக்கல்லின் மேல் மாவை வைத்து, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடலாம். பிளாஸ்டிக் குமிழ் உள்ள மூடி உருகும். நான்ஸ்டிக் பாத்திரத்தைக் கம்பிக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது. வாங்குவதற்கு முன் ஓடிஜியின் உள் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 28 லிட்டர் ஓடிஜிக்கு 500 கிராம் மாவு பெரும்பாலும் அதிகம், 350 கிராமாகக் குறைத்தால் மேல்கம்பியில் இடிக்காது.

பாத்திரத்தோடு 45 நிமிடம் சூடேற்றி, 230 டிகிரியில் மூடி 20 நிமிடம், மூடியை எடுத்துவிட்டு 210 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். அடி கருகினால் கீழ்க்கம்பிக்கும் பாத்திரத்துக்கும் இடையே வெறும் தட்டு ஒன்றை வையுங்கள், மாவுக்கு அடியில் ஒரு கைப்பிடி ரவை தூவுங்கள். பட்டர் பேப்பர் என்று விற்கப்படும் எல்லாமே இந்தச் சூட்டைத் தாங்காது. மெழுகு பூசியது புகைந்து, பிரெட்டின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். சிலிகான் பூசிய பேக்கிங் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள்.

சுடும்போது நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். தடித்த சட்டி பத்து நிமிடம் வரை தாக்குப்பிடிக்கும்.

உள்ளே பசைபசை என்று இருந்தால் மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள். சூட்டோடு வெட்டினீர்களா? ஸ்டார்ச் இறுகக் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும், கோதுமை மாவு கலந்ததற்கு நான்கு. அடுத்து, உள்சூடு 96 டிகிரியைத் தொட்டதா? இரண்டுமே சரியென்றால் புளிப்புக்குத் திரும்புங்கள், குறையோ மிகையோ அங்கேதான்.

மேலே ஏற்காட்டில்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே சொன்ன பாதிக்கு மேல் தலைகீழாகிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டர்தான். ஒரே நாளில் இரண்டுக்கும் எட்டுப் பத்து டிகிரி வித்தியாசம் இருக்கும். மார்கழி, தை இரவுகளில் சேர்வராயன் மலை வீடுகளின் சமையலறை 14, 15 டிகிரிக்கு இறங்கும். அங்கே 50 கிராம் ஸ்டார்ட்டர் போட்டால் மறுநாள் மதியம் வரை காத்திருக்க வேண்டியதுதான். 500 கிராம் மாவுக்கு 100 கிராம் ஸ்டார்ட்டர், 35 டிகிரி வெந்நீர், பிசைந்த பாத்திரத்தைப் பெரிய ஹாட்பாக்ஸில் வைத்துப் பக்கத்தில் ஒரு டம்ளர் சுடுதண்ணீர். இப்படி 24 டிகிரியைப் பிடித்து வைக்கலாம். அல்லது குளிரையே பயன்படுத்திக்கொண்டு, மாலை ஆறு மணிக்குப் பிசைந்து இரவு முழுக்க வெளியே விட்டுக் காலையில் உருட்டலாம். அப்படி 12 மணி நேரம் மெல்லப் புளித்த மாவின் ருசி கீழே சேலத்தில் கோடையில் கிடைக்காது.

மலையில் தவறாமல் வரும் குழப்பம் ஒன்று உண்டு. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரெட்டுக்குள் ஈரம் இருக்கும்வரை அதன் நடுப்பகுதி அந்தக் கொதிநிலையைத் தாண்டாது. 98 டிகிரி வரட்டும் என்று காத்திருந்தால் மேலோடு கருகி, உள்ளே உலர்ந்து போகுமே தவிர முள் நகராது. 93 டிகிரி வந்ததும் எடுத்துவிடுங்கள். காற்றழுத்தம் குறைவென்பதால் அதே அளவு வாயு அதிக இடத்தை அடைக்கும். அதனால் உயரத்தை மட்டும் பார்த்து நிறுத்தாமல், மாவை ஆட்டினால் ததும்புகிறதா, ஓரங்களில் குமிழ் தெரிகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள் வரும் நாட்களில் மாவே ஈரம் கோத்திருக்கும். தண்ணீரில் 10, 15 கிராம் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் பிறகு சேருங்கள். வெந்ததும் அடுப்பை அணைத்து, கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்து, பத்து நிமிடம் உள்ளேயே விட்டால் மேலோடு மொறுமொறுப்பாக நிற்கும். உடனே எடுத்து வெளியே வைத்தால் அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடும்.

எல்லாம் செய்தும் மாவு எல்லை தாண்டிவிட்ட நாளில் அதை உருட்டப் போராடாதீர்கள். விளிம்புள்ள தட்டில் தாராளமாக நல்லெண்ணெய் தடவி, மாவை அப்படியே கொட்டி, விரல்களால் குழி குழியாக அழுத்தி, பூண்டும் கறிவேப்பிலையும் கல்லுப்பும் தூவி, 220 டிகிரியில் 25 நிமிடம் சுடுங்கள். மிகையாகப் புளித்த மாவு தட்டின் விளிம்புக்குள் நன்றாகவே எழும்பும். நல்லபடியாக வந்த பிரெட்டைச் சேலத்து வெயிலில் துணியில் சுற்றி இரண்டு நாள் வெளியே வைக்கலாம். அதற்கு மேல் பூஞ்சை பிடிக்கும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் ஸ்டார்ச் விரைவாக இறுகி வறண்டுவிடும். துண்டு போட்டு, காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது எடுத்து நேரே தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளுங்கள்.